குள்ளக் கடல்குதிரை வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாப் பக்கம் வாழும் நம்மவர்களில் சிலர் குள்ளக் கடல்குதிரை வளர்க்கிறோம். ஊரிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் இதைப் பற்றிக் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதல்முறையாகத் தொட்டி வைக்க நினைப்பவர்கள் உணவு பற்றிய பகுதியை மட்டுமாவது முழுதாகப் படித்துவிட்டுப் பணத்தை வெளியே எடுங்கள்.

குள்ளக் கடல்குதிரை என்றால் எது? சாதாரணக் கடல்குதிரையின் குட்டியா?

இல்லை, இது தனி இனம். அறிவியல் பெயர் ஹிப்போகாம்பஸ் ஸோஸ்டெரே. ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் கிடைத்த மாதிரிகளை வைத்து ஜோர்டான், கில்பர்ட் என்ற இரு மீனியலாளர்கள் 1882ல் இதை விவரித்தார்கள். முழு வளர்ச்சி அடைந்த பின்னும் பெரும்பாலும் 2 முதல் 2.5 செ.மீ. உயரம்தான், விரல் நகத்தின் மேல் நின்றுவிடும் அளவு. ஃபுளோரிடா, மெக்சிகோ வளைகுடாக் கரை, பஹாமாஸ், கியூபா ஆகிய இடங்களில் ஆழமில்லாத கடற்புல் படுகைகளில் வாழ்கிறது. மணல் நிறம், பச்சை, மஞ்சள், கறுப்பு என்று பல நிறங்களில் இருக்கும். சிலவற்றின் தலையிலும் முதுகிலும் பாசி இழை போன்ற தோல் நீட்சிகள் உண்டு.

உலகின் மிக மெதுவான மீன் என்று இதைத்தான் சொல்கிறார்கள். மணிக்குச் சுமார் ஒன்றரை மீட்டர்தான் போகும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் பாதிக்கு மேல் தானாகவே புரிந்துவிடும். இரையைத் துரத்திப் பிடிக்க இதனால் முடியாது. இரை இதன் வாய்க்கு அருகில் வந்தாக வேண்டும்.

படங்களில் சிவப்புப் பவளத்தோடு ஒட்டி, மேலெல்லாம் முண்டு முண்டாக இருக்கிறதே, அதுவா?

அது வேறு. ஹிப்போகாம்பஸ் பார்கிபாண்டி என்ற இனம். 1969ல் நியூ கலிடோனியாவில், மீன்காட்சியகத்துக்காகச் சேகரித்த விசிறிப் பவளத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அந்தப் பவளம் இல்லாமல் அது பிழைக்காது, அந்தப் பவளத்தைத் தொட்டியில் உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடு. கலிஃபோர்னியாவின் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகம் போன்ற பெரிய நிறுவனங்கள் ஆராய்ச்சிக்காக வைத்துப் பார்த்த இனம் அது. வீட்டுக்கானதல்ல. இங்கே பேசுவது ஸோஸ்டெரே இனத்தைப் பற்றி மட்டும்.

தமிழ்நாட்டில் வீட்டில் வளர்க்கலாமா?

வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் கடல்குதிரைகள் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். குறைந்தது மூன்று ஆண்டு சிறை. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கிடைக்கும் கடல்குதிரைகளைக் காயவைத்து வெளிநாட்டுக்குக் கடத்தும் வியாபாரம் பல காலமாக நடந்தது, இன்னும் அவ்வப்போது பிடிபடுகிறது. சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு அதுதான் காரணம். "இது வெளிநாட்டு இனம், வளர்ப்பில் பிறந்தது" என்று யாராவது சொல்லி விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

சென்னை கொளத்தூரில் மீன் வாங்கி வளர்த்துப் பழகியவர்களுக்கு உப்புநீர்த் தொட்டி மேல் ஆசை வருவது இயல்பு. அவர்களுக்கு நான் சொல்வது கோமாளி மீன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் உட்பட, அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை நம் நாட்டிலேயே கைவரப் பெற்றிருக்கிறார்கள். கடலிலிருந்து பிடிக்காத கோமாளி மீன் எது என்று கேட்டு வாங்குங்கள்.

மற்ற நாடுகளில் இருப்பவர்கள்: காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் எல்லாக் கடல்குதிரை இனங்களும் 2004 மே மாதத்திலிருந்து இருக்கின்றன. நாட்டின் எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். உள்ளூர் விதியையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலில் பிடித்ததை வாங்கலாமா, வளர்ப்பில் பிறந்ததையா?

வளர்ப்பில் பிறந்தது மட்டுமே. அமெரிக்காவில் 1950களிலிருந்து பல ஆண்டுகள் சிறுவர் காமிக்ஸ் புத்தகங்களின் பின்பக்கத்தில் விளம்பரம் போட்டு, இந்தக் குள்ளக் கடல்குதிரைகளைத் தபாலில் அனுப்பி விற்றார்கள். வாங்கிய பிள்ளைகளுக்கு உப்புநீர் பற்றியோ உணவு பற்றியோ ஒன்றும் தெரியாது. அப்படிச் செத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. அந்த வரலாறு தெரிந்த பிறகு கடலில் பிடித்த ஒன்றை வாங்க எனக்கு மனம் வந்ததில்லை.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது. கடலிலிருந்து வருவது ஒட்டுண்ணியோடும் கிருமியோடும் வரும். வரும் வழியில் பட்டினி கிடந்து மெலிந்திருக்கும். வளர்ப்பில் பிறந்தது உங்கள் தொட்டியில் இருக்கப்போகும் அதே உணவைத் தின்று வளர்ந்தது. இவற்றின் ஆயுள் ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டுதான் என்பதால், வாங்கும்போது வயதையும் கேளுங்கள். மூன்று நான்கு மாத வயதுள்ளவை நல்லது.

தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? பெரிய தொட்டிதானே நல்லது?

உப்புநீர் மீன் வளர்ப்பில் எல்லோரும் சொல்லும் விதி "பெரிதாக வை, தண்ணீர் நிலையாக இருக்கும்" என்பது. குள்ளக் கடல்குதிரைக்கு அந்த விதி பொருந்தாது. 5 கேலன், அதாவது 19 லிட்டர் தொட்டியில் ஆரம்பியுங்கள். 10 கேலனைத் தாண்ட வேண்டாம்.

காரணம் உணவு. இவை ஓரிடத்தில் வாலைச் சுற்றிக்கொண்டு நின்று, முகத்துக்கு எதிரே மிதந்து வரும் இரையைத்தான் உறிஞ்சும். 19 லிட்டரில் ஒரு கரண்டி ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் நுண்ணிய இறால் வகை) குஞ்சு விட்டால் எங்கே நின்றாலும் வாய்க்கு எட்டும். அதே கரண்டியை 200 லிட்டரில் விட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், கடல்குதிரை பட்டினி கிடக்கும். சரி, உணவை அதிகமாக விடலாமே என்றால், தின்னாத உணவு அழுகித் தண்ணீர் கெடும். சிறிய தொட்டியை நாம் நம் வசதிக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. சிறிய தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் கெடும், சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் உப்பேறும். அந்த வேலை முழுதும் நம் தலையில் விழும். தெரிந்தேதான் அதை ஏற்றுக்கொள்கிறோம்.

5 கேலனில் நான்கிலிருந்து ஆறு வரை வைக்கலாம். தனியாக ஒன்றை வைக்காதீர்கள். கூட்டமாக இருக்கும்போதுதான் இவை இயல்பாக நடந்துகொள்ளும்.

என்ன கொடுக்க வேண்டும்? உறைந்த உணவோ பொட்டலத் தூளோ தின்னுமா?

தின்னாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கடல்குதிரைகளை உறைந்த மைசிஸ் இறாலுக்குப் பழக்கலாம். இவற்றின் வாய் அதற்குப் போதாது, அசையாத உணவை இவை பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. புதிதாகப் பொரித்த ஆர்டீமியா குஞ்சுதான் உணவு. தினமும் இரண்டு வேளை. பொங்கலுக்கும் உண்டு, காய்ச்சலில் படுத்திருக்கும் நாளிலும் உண்டு.

இவற்றுக்கு வயிறு கிடையாது. குடல் மட்டும்தான். தின்றது வேகமாக வெளியேறிவிடும், அதனால் பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். இதை வளர்ப்பவர் உண்மையில் ஆர்டீமியா வளர்ப்பவர். ஆகவே கடல்குதிரை வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் ஆர்டீமியா மட்டும் பொரித்துப் பாருங்கள். தினமும் காலையும் மாலையும் இந்த வேலை உங்கள் வாழ்க்கையோடு ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஒட்டவில்லை என்றால் வேறு மீன் வளர்க்கலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை.

ஆர்டீமியா பொரிப்பது எப்படி?

நம் ஊர் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது மிகப் பழக்கமான பொருள். தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்டீமியா உண்டு. கடைகளில் டப்பாவில் வரும் முட்டையில் கணிசமான பகுதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியிலிருந்து வருவது. உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். டப்பாவைத் திறந்தபின் ஈரம் படாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, மூடியுள்ள பக்கம் கீழே இருக்கும்படி தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு. காற்றுப் பம்பிலிருந்து ஒரு கெட்டியான குழாயை அடிவரை விடுங்கள். ஏர் ஸ்டோன் வேண்டாம், நுண்ணிய குமிழில் முட்டைகள் நுரையோடு மேலேறிப் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் முட்டை போதும். 26 முதல் 28 டிகிரி வெப்பம், மேலே ஒரு விளக்கு. சுமார் 24 மணி நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சு நிறமாக மாறியிருக்கும்.

காற்றை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். காலி ஓடு மேலே மிதக்கும். குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி வரும் என்பதால் அடிப்பக்கத்தில் டார்ச் வைத்தால் அங்கே திரளும். மெல்லிய குழாயால் அவற்றை மட்டும் நுண்வலையில் இழுத்து, சுத்தமான உப்புத் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பொரித்த தண்ணீரை ஒருபோதும் தொட்டியில் ஊற்றாதீர்கள். அதில் கிருமி நிறைந்திருக்கும்.

இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டு ஒன்றை இன்று, மற்றதை நாளை என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரே பாட்டிலை நம்பினால், ஏதோ ஒரு நாள் அது பொரிக்காமல் போகும்.

முட்டை ஓட்டை நீக்க வேண்டும் என்கிறார்களே, அவசியமா?

என் கருத்தில் அவசியம். ஓட்டோடு சேர்த்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதைவிட முக்கியம், முட்டையின் மேல் கிருமிகளும் ஹைட்ராய்டு போன்ற வேண்டாத உயிர்களும் ஒட்டி வரலாம். ஓடு நீக்கும்போது எல்லாம் போய்விடும்.

முட்டையை ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். அப்புறம் வாசனை எதுவும் சேர்க்காத வீட்டு ப்ளீச்சில் கலக்கிக்கொண்டே இருங்கள். பழுப்பு நிறம் சாம்பலாகி, வெளுத்து, கடைசியில் ஆரஞ்சாக மாறும். ஆரஞ்சு வந்த உடனே வடிகட்டி, ப்ளீச் வாடை போகும்வரை ஓடும் தண்ணீரில் அலசி, குளோரின் நீக்கி மருந்தில் ஒரு முறை நனைத்து எடுங்கள். சில நிமிட வேலைதான், ஆனால் அந்த நிமிடங்களில் போன் எடுக்காதீர்கள், அதிக நேரம் விட்டால் உள்ளிருக்கும் உயிரும் போய்விடும். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஓடு நீக்கிய முட்டையைக் கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை வைத்துப் பயன்படுத்தலாம்.

சத்து ஏற்றுவது என்றால் என்ன?

பொரித்த சில மணி நேரம்வரை ஆர்டீமியா குஞ்சின் உடம்பில் மஞ்சள் கரு இருக்கும், அப்போதே கொடுத்தால் அந்தச் சத்து கடல்குதிரைக்குப் போகும். நேரம் ஆக ஆகக் கரு தீர்ந்து, வெறும் கூடு மாதிரி ஆகிவிடும். பொரித்துச் சுமார் 12 மணி நேரத்தில் ஒரு தோல் உரித்தபின்தான் அதற்கு வாய் திறக்கும். அந்தக் கட்டத்தில் அதற்கே நாம் உணவு கொடுக்கலாம். கொழுப்பு அமிலம் கலந்த திரவமோ ஸ்பைருலினாத் தூளோ கலந்த தண்ணீரில் அரை நாள் விட்டால் அதன் வயிறு நிறையும், அதைத் தின்னும் கடல்குதிரைக்கும் அந்தச் சத்து சேரும். காலை வேளைக்குப் புதிதாகப் பொரித்ததும், மாலை வேளைக்குச் சத்து ஏற்றியதும் என்று நான் வைத்திருக்கிறேன். முடிந்தால் தொட்டியில் டிஸ்பே போன்ற கோபிபாட் (கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நுண்ணிய நீருயிர்) வகைகளையும் விட்டு வையுங்கள். பாசிக்குள் பெருகி, இடைவேளைத் தீனியாக இருக்கும்.

எவ்வளவு உணவு விட வேண்டும்?

விட்டவுடன் தண்ணீரில் ஆரஞ்சுத் தூசி பறப்பது போல எல்லா இடத்திலும் தெரிய வேண்டும். அடுத்த வேளைக்கு முன் பார்க்கும்போது அங்கங்கே சில மிச்சம் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் குறைவு. கூட்டம் கூட்டமாக மூலையில் நின்றால் அதிகம், அவை சத்து தீர்ந்து கிடப்பவை, உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இவை கண்ணால் பார்த்து வேட்டையாடுபவை, விளக்கு அணைந்த பிறகு தின்னாது. அதனால் மாலை வேளையை விளக்கு அணைக்க நான்கைந்து மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஃபில்டர் எது? நீரோட்டம் எவ்வளவு?

காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். வேறெதுவும் தேவையில்லை. பக்கவாட்டில் தொங்கும் ஃபில்டர் வைத்தால் உறிஞ்சும் வாயைக் கண்டிப்பாக ஸ்பாஞ்சால் மூடுங்கள். இல்லையென்றால் உணவும் குட்டிகளும் உள்ளே போய்விடும்.

ஓட்டம் மெதுவாக இருக்க வேண்டியதற்கு ஒரு அழகான காரணம் உண்டு. கோபிபாட் என்னும் நுண்ணிய இரை, தண்ணீரில் சின்ன அசைவு தெரிந்தாலே மில்லி வினாடிகளில் தாவி ஓடிவிடும். இவ்வளவு மெதுவான மீன் அதை எப்படிப் பிடிக்கிறது என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிராட் ஜெம்மெல் குழு ஆராய்ந்து 2013ல் வெளியிட்டார்கள். குள்ளக் கடல்குதிரையின் மூக்கு வடிவம், அதன் நுனிக்கு மேலே தண்ணீர் கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும்படி அமைந்திருக்கிறது. இரைக்குத் தெரியாமல் ஒரு மில்லிமீட்டர் அருகில் வந்து, ஒரு மில்லி வினாடிக்குள் தலையைச் சொடுக்கி உறிஞ்சிவிடும். அமைதியான நீரில் பத்தில் ஒன்பது முறை குறி தப்புவதில்லை. பலமான மோட்டார் வைத்துத் தண்ணீரைக் கலக்கினால் இந்தத் திறமைக்கு வேலையே இல்லாமல் போகும்.

தண்ணீர் அளவுகள்?

வெப்பம் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ். உப்பு அடர்த்தி 1.022 முதல் 1.025. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் 20 பி.பி.எம்.க்குக் கீழே. வெப்பம் ஏறினால் விப்ரியோ போன்ற கிருமிகள் வேகமாகப் பெருகும், அதனால் குறைந்த பக்கமே பாதுகாப்பு. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் சில்லர் இல்லாமலோ குளிரூட்டிய அறை இல்லாமலோ இதில் இறங்க வேண்டாம்.

தண்ணீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடும். 19 லிட்டரில் ஒரே நாளில் வித்தியாசம் தெரியும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் ஊற்றுங்கள். தொட்டியில் ஒரு கோடு போட்டு வைத்தால் எளிது. வாரம் ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். காற்றுக் குழாயையே சைஃபனாக வைத்து அடியில் கிடக்கும் கழிவை இழுங்கள். இழுத்த தண்ணீரை வெள்ளை வாளியில் விட்டுப் பாருங்கள், குட்டி ஏதாவது வந்திருக்கும்.

புதிய தொட்டியில் நல்ல பாக்டீரியா உருவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அது முடியாமல் கடல்குதிரை விடக் கூடாது.

ஹைட்ராய்டு என்று எல்லோரும் பயப்படுகிறார்களே, அது என்ன?

பயப்பட வேண்டியதுதான். குள்ளக் கடல்குதிரைத் தொட்டிகள் கைவிடப்படுவதற்கு இதுதான் பெரிய காரணம். ஜெல்லி மீனின் உறவு. கண்ணாடியிலும் பாறையிலும் வெள்ளை நூல் மாதிரி, நுனியில் சின்னப் பூ விரித்தது போல ஒட்டியிருக்கும். கொட்டும் செல்கள் உண்டு. பெரிய மீனுக்கு உறைக்காது. ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத குட்டிக்கு அது மரணம். பெரியவற்றுக்கும் தோலில் புண் வந்து, அதன்வழி கிருமி ஏறும்.

லைவ் ராக் எனப்படும், உயிர்கள் ஒட்டியிருக்கும் கடற்பாறையோடும் பாசியோடும் வரும். வந்த பின் தினமும் இரண்டு வேளை ஆர்டீமியா விடுகிறோமே, அது இதற்கும் விருந்து. கடல்குதிரைக்கு நாம் செய்யும் அதே உபசாரத்தில் இதுவும் கொழிக்கும். அதனால் கடல்குதிரை தொட்டியில் இது வருமா என்பதை விட எப்போது வரும் என்று நினைத்துக்கொள்வதே நல்லது.

நாய்க்குக் குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோல் மருந்து இதைக் கொல்லும், கடல்குதிரையைப் பாதிக்காது. ஆனால் தொட்டியில் கடல்குதிரை வருவதற்கு முன்பே, பாறையும் பாசியும் வைத்தபின், வெறும் தொட்டிக்கு ஒரு சுற்று மருந்து கொடுப்பதுதான் சிறந்தது. அளவை உங்கள் கையில் இருக்கும் மருந்தின் செறிவுக்கு ஏற்ப, கடல்குதிரை விற்றவரிடமோ மீன் மருத்துவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து போட்டால் பாறைக்குள் இருக்கும் முட்புழுக்களும் சாகும், அவை அழுகி அம்மோனியா ஏறும், அதனால் தினமும் சோதித்துத் தண்ணீர் மாற்ற வேண்டும். டர்போ, ஆஸ்ட்ரியா நத்தைகளை முன்கூட்டி வெளியே எடுத்துவிடுங்கள். மருந்து பாறையில் ஊறித் தங்கும், அந்தப் பாறையைப் பிற்காலத்தில் பவளத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

லைவ் ராக் வேண்டாம், உலர்ந்த பாறையும் பிளாஸ்டிக் செடியும் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். புதியவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். பிளாஸ்டிக் செடியில் ஹைட்ராய்டு வந்தால் எடுத்து ப்ளீச்சில் போட்டுச் சுத்தம் செய்துவிடலாம்.

வால் சுற்றிக்கொள்ள என்ன வைக்கலாம்?

மெல்லிய தண்டுள்ள எதுவும். உயிருள்ள பாசி வைப்பவர்கள் கீட்டோமார்ஃபா, அல்லது நம் ஊரில் கஞ்சிப்பாசி என்று சொல்லும் கிராசிலேரியா வகை வைக்கலாம். நைட்ரேட்டையும் இழுத்துக்கொள்ளும். கௌலெர்ப்பா அழகாக இருக்கும், ஆனால் சில வேளை ஒரே இரவில் கரைந்து தண்ணீரைக் கெடுக்கும். கலிஃபோர்னியாவில் அதற்குத் தடையும் உண்டு. ஒவ்வொரு கடல்குதிரைக்கும் இரண்டு மூன்று பிடிமானமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் கழுத்தை மற்றொன்று சுற்றிக்கொள்ளும்.

வேறு மீன்களோடு சேர்த்து வைக்கலாமா?

கூடாது. மெதுவாகத் தின்னும் இவற்றோடு எந்த மீனை விட்டாலும் உணவு முழுவதும் அதற்கே போகும். நண்டும் அனிமனி என்னும் கடல் சாமந்தியும் அறவே வேண்டாம். நெரைட், நசேரியஸ், செரித் நத்தைகள் இருக்கலாம், மிச்சத்தைச் சுத்தம் செய்யும்.

ஆண் எது, பெண் எது? குட்டி போடுமா?

ஆணுக்கு வயிற்றின் அடியில், வால் தொடங்கும் இடத்தில் பை இருக்கும். பெண்ணுக்கு வயிறு சட்டென்று முடிந்து வால் தொடங்கும். ஜோடி சேர்ந்துவிட்டால் தினமும் காலையில் ஒன்றையொன்று தேடி வந்து, நிறம் வெளுத்து, உடலைச் சிலிர்த்து முகமன் சொல்லும். விளக்கு போட்ட முதல் சில நிமிடங்களில் பார்க்கலாம். இதைப் பார்ப்பதற்காகவே காலையில் உணவு கொடுக்கும் வேலை எனக்குச் சுமையாகத் தெரிவதில்லை.

பெண் முட்டைகளை ஆணின் பைக்குள் விடும். ஆண் 10 முதல் 12 நாள் சுமந்து குட்டி ஈனும். ஒரு ஈற்றில் நாலைந்திலிருந்து இருபத்தைந்து வரை வரலாம். பிறக்கும்போதே 7, 8 மில்லிமீட்டர் இருக்கும், பெற்றோரின் அச்சு அப்படியே. முதல் நாளே ஆர்டீமியா குஞ்சைத் தின்னும். பெரிய இனங்களின் குட்டிகளுக்கு இதைவிட நுண்ணிய உணவு தேட வேண்டியிருப்பதால் அவற்றைப் பிழைக்க வைப்பது கடினம், இங்கே அந்தத் தொல்லை இல்லை. பெற்றோர் தின்பதையே பிள்ளைகளும் தின்னும், அதே தொட்டியில் வளரும். ஃபுளோரிடாவின் சீடர் கீ பகுதியில் இவற்றை ஆராய்ந்து 1958ல் கட்டுரை வெளியிட்ட கிர்க் ஸ்ட்ரான் இவற்றின் வாழ்க்கை எவ்வளவு வேகமானது என்று காட்டினார். மூன்று மாதத்தில் குட்டியே பெற்றோர் ஆகிவிடும்.

மேலேயே மிதக்கிறது, கீழே இறங்க முடியவில்லை. என்ன நோய்?

குமிழி நோயாக இருக்கலாம். ஆணின் பைக்குள் காற்று சேர்ந்தாலும் இப்படி ஆகும், வால் தோலுக்கு அடியில் கொப்புளம் மாதிரியும் தெரியும். பையில் சேர்ந்த காற்றை வெளியேற்றுவது பெரிய இனங்களில் வளர்ப்பவரே செய்வதுண்டு, இவ்வளவு சிறிய உடம்பில் அனுபவம் இல்லாமல் கை வைக்காதீர்கள். தனித் தொட்டிக்கு மாற்றி, மீன் மருத்துவரை அணுகுங்கள். தோலில் வெள்ளைத் திட்டு, தின்னாமல் நிற்பது, வேகமாக மூச்சு வாங்குவது ஆகியவை கிருமித் தொற்றின் அடையாளம். உடனே வெப்பத்தை மெல்ல மெல்லக் குறைத்து, தண்ணீர் மாற்றுங்கள். இவ்வளவு சிறிய உயிரில் நோய் கண்ணில் படுவதற்குள் பாதி தூரம் போயிருக்கும், அதனால் தினமும் உணவு விடும்போது ஒவ்வொன்றும் சொடுக்கித் தின்கிறதா என்று தனித்தனியாகப் பார்ப்பதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய வைத்தியம்.

ஊருக்குப் போக வேண்டும். இரண்டு வாரம் என்ன செய்வது?

ஒரு நாள் தவறினால் பெரியவை தாங்கும், குட்டிகள் தாங்காது. தானாக உணவு போடும் கருவி இதற்குப் பயன்படாது. ஆர்டீமியா பொரிக்கத் தெரிந்த ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும், அல்லது தொட்டியையே இன்னொரு வளர்ப்பாளர் வீட்டில் விட வேண்டும். வருகிறவரை முன்கூட்டியே ஒரு வாரம் கூட வைத்துச் செய்யவிட்டுப் பாருங்கள். ஓடு நீக்கிய முட்டையை வேளைக்கு ஒரு சிறு டப்பாவாகப் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனால் அவர் வேலை பாதியாகும். அது ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும், இரண்டாவது வாரத்துக்கு உலர்ந்த முட்டையை ஓட்டோடு பொரித்து, காலி ஓட்டைக் கவனமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டிய கோட்டையும் காட்டிவிடுங்கள்.

குட்டிகள் பெருகிவிட்டன, தொட்டி நிறைந்துவிட்டது. பக்கத்துக் கடலில் விட்டுவிடலாமா?

ஃபுளோரிடாவிலேயே இருந்தாலும் கூடாது. தொட்டியில் பல தலைமுறை இருந்தவற்றிடம் அங்குள்ள கடலுக்குப் புதிதான கிருமி இருக்கலாம், கடலில் தானாகப் பிழைக்கும் பழக்கமும் இருக்காது. தொட்டியின் பாசியையும் தண்ணீரையும் கூடக் கடலிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். பாசியை உறையவைத்துக் குப்பையில் போடுங்கள், தண்ணீரை வீட்டுச் சாக்கடையில் விடுங்கள்.

வேறு வளர்ப்பாளர்களுக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் அவர்களிடம் ஆர்டீமியா பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஓடவில்லை என்றால், ஒரு கரண்டி முட்டையும் ஒரு பாட்டிலும் முதலில் கொடுத்தனுப்பி, இரண்டு வாரம் கழித்துக் கடல்குதிரைக்கு வரச் சொல்லுங்கள்.